அத்தியாயம் 7: செயலி சொல்லும் முதலீடு

தானியங்கி முதலீடு என்றதும் இலங்கையில் பலருக்கு நினைவுக்கு வருவது எம்.டி.எஃப்.இ. என்ற செயலிதான். செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக நாணய வியாபாரம் செய்யும், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்றார்கள். திரையில் இலாபம் நாளுக்கு நாள் ஏறியது. ஆள் சேர்த்தவருக்குத் தனிப் பங்கு, நிறையப் பேரைச் சேர்த்தவருக்கு 'சீ.ஈ.ஓ.' பட்டம். 2023 ஆகஸ்டில் பணத்தை எடுக்க முடியாமல் போயிற்று. பிறகு பலருடைய கணக்கு கழித்தல் குறியோடு நின்றது. அந்தக் 'கடனை' அடைக்கச் சொல்லிச் செய்தியும் வந்தது. வங்கதேசத்திலும் இதே கதை. அதே மாதம் இலங்கை மத்திய வங்கி, வங்கித்தொழில் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் எம்.டி.எஃப்.இ.யையும் சேர்த்து அறிவித்தது.

இதைப் பார்த்தவர்கள் 'மெஷின் முதலீடு' என்றாலே கும்பிடு போட்டு விலகுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் முறையாக அனுமதி பெற்ற நிதி முகாமை நிறுவனங்களும் இப்போது செயலி வழியாகத்தான் வாடிக்கையாளரைச் சேர்க்கின்றன. வயது என்ன, வருமானம் என்ன, நட்டம் வந்தால் தாங்குவீர்களா என்று சில கேள்விகள். பதிலைப் பார்த்து, இவ்வளவு பணச் சந்தை நிதியத்தில், இவ்வளவு அரச பிணையத்தில், இவ்வளவு பங்கில் என்று ஒரு பங்கீடு. அமெரிக்காவில் பெட்டர்மென்ட் என்ற நிறுவனம் 2010இல் மக்களிடம் கொண்டுவந்த முறை இது. நம் நாட்டில் கிடைப்பவற்றில் பல, முழுத் தானியங்கி ஆலோசகர் அல்ல. யூனிட் ட்ரஸ்ட், அதாவது பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் நிதியம், விற்கும் கடையின் முகப்பில் ஒரு கேள்வித்தாளை ஒட்டியவை. அதனால் மோசம் என்று பொருளில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கைத்தொலைபேசியில் கள்ளச் செயலியும் நல்ல செயலியும் ஒரே பளபளப்பில்தான் இருக்கும். ஆகவே இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைக் கடைசியில் பாருங்கள். பணம் யார் கையில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

பணம் யார் கையில்

பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இலங்கையில் யூனிட் ட்ரஸ்ட் 1991இலிருந்து இருக்கிறது. அதன் அமைப்பில் இரண்டு கைகள் உண்டு: எதில் முதலிடுவது என்று முடிவெடுப்பது முகாமை நிறுவனம், சொத்தைத் தன் பொறுப்பில் வைத்துக் காவல் காப்பது நம்பிக்கைப் பொறுப்பாளர், பெரும்பாலும் ஒரு வங்கி. முகாமை நிறுவனம் நாளை மூடினாலும் நிதியத்தின் சொத்து அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு. எனவே வைப்புச் சீட்டில் பெறுபவர் பெயராக வர வேண்டியது நிதியத்தின் பெயரோ பொறுப்பாளரின் பெயரோ. தனி ஆளின் பெயர், 'டீம் லீடர்' ஒருவரின் சேமிப்புக் கணக்கு, கிரிப்டோ பணப்பை முகவரி என்று ஏதாவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குமேல் வாசிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது அனுமதி. நிதி முகாமை நிறுவனங்கள், முதலீட்டு முகாமையாளர்கள், பங்குத் தரகர்கள் ஆகியோருக்கு அனுமதி கொடுப்பது இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதன் அடிப்படை. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. செயலிக்குள் இருக்கும் சான்றிதழ்ப் படத்தை நம்பாமல், பட்டியலை நீங்களே திறந்து பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 'கம்பனிப் பதிவு இருக்கிறது' என்று ஒருவர் காகிதம் நீட்டினால் அது போதாது. கம்பனி பதிவது வேறு, மற்றவர் பணத்தை வாங்கி முதலிட அனுமதி பெறுவது வேறு. தேநீர்க்கடைக்கும் கம்பனிப் பதிவு எடுக்கலாம்.

அனுமதி பெற்ற நிறுவனமே என்றாலும் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். வங்கியிலும் பதிவுபெற்ற நிதிக் கம்பனியிலும் போடும் வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. யூனிட் ட்ரஸ்டுக்கு அது கிடையாது. 'வங்கி மாதிரித்தான்' என்று விற்பவர் சொன்னால், அந்த 'மாதிரி'யில் 11 இலட்சம் ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

கேள்வித்தாளுக்குத் துறைமுகம் தெரியுமா

செயலி கேட்கும் கேள்விகளில்தான் திருகோணமலைக்காரருக்கு உண்மையான சிக்கல். இந்தக் கேள்வித்தாள்கள் மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும் கொழும்புக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 'மாத வருமானம்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். நிலாவெளியில் நான்கு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவர் அதில் என்ன எழுதுவார்? சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை அறை நிறையும்; வாடை தொடங்கினால் பூட்டு. கிண்ணியாவிலோ மூதூரிலோ சின்னப் படகு வைத்திருப்பவருக்கும் அப்படித்தான்: கச்சான் காலத்தில் காசு புழங்கும், மார்கழியில் கடல் கொந்தளித்தால் எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டும். இவர்கள் ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து எழுதினால், செயலி அவர்களை நிலையான சம்பளக்காரராக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையைப் பிடிக்கச் சொல்லும். தை மாதத்தில் அந்தத் தொகை நகைக்கடையிலிருந்துதான் வரும்.

ஆகவே ஒரு செயலியைச் சோதிக்கும்போது முதலில் பாருங்கள்: தவணையை இடையில் நிறுத்திவைக்க முடியுமா, மாதத்துக்கு மாதம் தொகையை மாற்ற முடியுமா, நிறுத்தினால் தண்டம் உண்டா? இதற்கு இடம் கொடுக்காத செயலி கடலை நம்பியவருக்கு ஆகாது. எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் சரி.

துறைமுகத்திலும் பிறீமா மாவாலையிலும் டோக்கியோ சீமெந்திலும் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு. அவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, கட்டம் பொருந்தும். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய முதலீடு இருக்கிறது: ஊழியர் சேமலாப நிதியம். சம்பளத்தில் 8 சதவீதம் அவர்களிடமிருந்தும் 12 சதவீதம் முதலாளியிடமிருந்தும் அதற்குப் போகிறது. அந்த நிதியத்தின் பணம் ஏறக்குறைய முழுவதும் அரச பிணையங்களில்தான் கிடக்கிறது. இதைக் கேட்காத செயலி, 'உங்களுக்கு ஆபத்துக் குறைவானது நல்லது' என்று மேலும் 70 சதவீதம் அரச பிணைய நிதியத்தில் போடச் சொல்லும். ஒரே கூடையில் இன்னொரு அடுக்கு. 2023இல் அரசின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது சேமலாப நிதியத்தின் முறிகளும் அதற்குள் வந்ததை நினைத்துப் பாருங்கள். செயலி கேட்காவிட்டாலும் பதில் சொல்லும்போது சேமலாப நிதியத்தை நீங்களே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடனைக் கேட்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுப் பவுண் அடகில் இருக்கும்போது, முச்சக்கர வண்டிக்கு லீசிங் கட்டும்போது, 'மாதம் 5,000 முதலிடுங்கள்' என்று சொல்லும் ஆலோசகர் மனிதராக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பீர்கள். அடகு வட்டியையும் லீசிங் வட்டியையும் ஆபத்தில்லாமல் மிஞ்சும் முதலீடு இல்லை. முதலில் நகையை மீளுங்கள்.

பிறகு எல்லாச் செயலிகளிலும் வரும் அந்தக் கேள்வி: 'நீங்கள் போட்ட 100,000 ரூபாய் ஒரே மாதத்தில் 80,000 ஆனால் என்ன செய்வீர்கள்?' விற்பேன், பொறுத்திருப்பேன், இன்னும் வாங்குவேன் என்று மூன்று விடைகள். முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டு பதில் சொன்னால் எல்லாரும் 'பொறுத்திருப்பேன்' என்பார்கள். 2022ஐ நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அந்த ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000க்கு மேல் நின்றது; ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழே. நடுவில் ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையையே மூடிவைத்தார்கள். 'விற்பேன்' என்று விடை சொன்னவராலும் விற்க முடியவில்லை. அதே ஆண்டு மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். எந்த மாதம் உங்கள் பங்கு நிதியம் கீழே போகிறதோ அதே மாதம்தான் உங்கள் தொழிலும் படுக்கிறது, அதே மாதம்தான் பணம் தேவைப்படுகிறது. சம்பளம் நிற்காத கொழும்பு உத்தியோகத்தரும் படகுக்காரரும் ஒரே விடையைத் தட்டினாலும் அவர்களின் ஆபத்து ஒன்றல்ல. கேள்வித்தாளுக்கு இது தெரியாது.

இதைச் சரிக்கட்டும் வழி எளிது. பருவத் தொழில்காரர் வேலையில்லாத மாதங்களின் வீட்டுச் செலவு முழுவதையும் வங்கிச் சேமிப்பிலோ குறுகிய நிலையான வைப்பிலோ தனியே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் செயலிக்குக் காட்ட வேண்டும். என்னைக் கேட்டால் ஆறு மாதச் செலவுக்குக் குறைவாக ஒதுக்கவே கூடாது.

கேள்வித்தாள் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வித்தை உண்டு. பணம் போடுமுன், முதலில் உண்மையான விடைகளைக் கொடுத்துப் பங்கீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் தொடங்கி ஒரே ஒரு விடையை மட்டும் மாற்றுங்கள்: 'பணம் 10 ஆண்டு கழித்துத் தேவை' என்பதை 'ஓராண்டில் தேவை' என்று. பங்கு நிதியம் பெருமளவு குறைந்து பணச் சந்தை நிதியம் கூட வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் அந்தக் கேள்விகள் அலங்காரம். எல்லாருக்கும் ஒரே சரக்கைத்தான் விற்கிறார்கள்.

இன்னொன்று, மொழி. கேள்விகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, மகனோ மகளோ பக்கத்தில் இருந்து விடையைத் தட்டினால், அந்த ஆபத்து அளவு பிள்ளையுடையது, பணம் உங்களுடையது. தமிழில் விளக்கம் கேளுங்கள். அழைப்பு நிலையத்தில் தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாரா என்று பணம் போட்ட பிறகல்ல, போடுமுன் அழைத்துப் பாருங்கள்.

அவர்களுக்கு எங்கிருந்து வருமானம்

'ஆலோசனை இலவசம்' என்று எழுதியிருந்தால் கண்ணை அகல விரியுங்கள். படகுக்கு முற்பணம் கொடுத்த முதலாளியே மீனுக்கும் விலை வைத்தால் என்ன நடக்கும் என்று துறையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆலோசனை சொல்லும் செயலியும் அது பரிந்துரைக்கும் நிதியமும் ஒரே குழுமத்துடையவை என்றால் அதே நிலைமைதான். எம் நாட்டுச் செயலிகளில் இது சாதாரணம், தவறும் அல்ல. ஆனால் எந்தப் பங்கீட்டில் அவர்களுக்கு அதிகக் கட்டணம் கிடைக்கிறது என்று பாருங்கள். பொதுவாகப் பணச் சந்தை நிதியத்தில் முகாமைக் கட்டணம் குறைவு, பங்கு நிதியத்தில் கூடுதல்.

பெரிய பெயர்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் சார்ள்ஸ் ஷ்வாப் நிறுவனம் 2015இல் தன் தானியங்கி ஆலோசனைச் சேவையை, ஆலோசனைக் கட்டணமே இல்லை என்று சொல்லித் தொடங்கியது. ஆனால் ஒவ்வொருவரின் பணத்திலும் ஒரு பகுதியை முதலிடாமல் ரொக்கமாக வைத்தது. சில பங்கீடுகளில் 6 சதவீதம், சிலவற்றில் 29 சதவீதத்துக்கும் மேல். அந்த ரொக்கம் போய்ச் சேர்ந்தது ஷ்வாபின் சொந்த வங்கிக்கு. வங்கி அதைக் கடன் கொடுத்து வட்டி சம்பாதித்தது. வாடிக்கையாளருக்கு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு பிடித்தது. 2022 ஜூனில் 187 மில்லியன் டொலர் கட்டி வழக்கை முடித்தார்கள். அங்கே இயந்திரம் பிழைவிடவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்தது. சொல்லிக்கொடுத்தது யாருடைய நன்மைக்கு என்பதே கேள்வி.

கட்டணத்தைச் சதவீதமாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும், அதனால் ரூபாயாக்கிப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாய், 20 ஆண்டு, ஆண்டு வளர்ச்சி 10 சதவீதம் என்று வையுங்கள். நீங்கள் போட்டது 12 இலட்சம். கையில் வருவது ஏறத்தாழ 38 இலட்சம். அதே பணத்தில் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் கட்டணமாகப் போனால் வருவது 31 இலட்சத்துச் சொச்சம். 6 இலட்சத்துக்கு மேல், அதாவது நீங்கள் போட்டதில் பாதிக்கும் மேல், கட்டணத்தோடு கரைந்துபோகிறது. முகாமைக் கட்டணம், பொறுப்பாளர் கட்டணம், நுழையும்போது பிடிப்பது, வெளியேறும்போது பிடிப்பது எல்லாம் நிதியத்தின் விளக்க ஆவணத்தில் இருக்கும். செயலியின் முகப்பில் இருக்காது. ஆவணத்தைப் பதிவிறக்கிக் கட்டணப் பக்கத்தை மட்டுமாவது வாசியுங்கள்.

நிலையான வைப்போடு ஒப்பிடும்போது வரியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வட்டிக்கு 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். வரியைச் சேர்க்காமல் 'நிதியம்தான் லாபம்' என்று விற்பனையாளர் காட்டும் அட்டவணை ஒருபக்கச் சார்பானது.

கடந்த ஆண்டு இலாபம்

பளிச்சென்று காட்டும் இலக்கத்துக்கு இங்கே அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. 2022 பிற்பகுதியில் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. அப்போது பணச் சந்தை நிதியங்களின் வருவாயும் அதோடு ஏறியது. 2024இல் பங்குச் சுட்டெண் ஓராண்டில் ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது. இரண்டிலும் செயலிக்கு எந்தப் பெருமையும் இல்லை. காற்று அந்தப் பக்கம் அடித்தது. நீங்கள் கேட்க வேண்டியது 2022இல் அந்த நிதியம் எப்படி இருந்தது என்பது. அந்த ஆண்டை விட்டுவிட்டு வரைபடம் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ நிச்சய இலாபம் என்று சொன்னால் கேள்வியே வேண்டாம், செயலியை அழித்துவிடுங்கள்.

ரொறன்ரோ மச்சான் சொல்லும் செயலி

கனடாவிலிருந்து வரும் உறவினர் வெல்த்சிம்பிள் பற்றிச் சொல்வார். 2014இல் ரொறன்ரோவில் தொடங்கிய நல்ல சேவைதான். சிறு தொகைக்கு ஆலோசனைக் கட்டணம் ஆண்டுக்கு அரை சதவீதம். ஆனால் அது கனடாவில் வாழ்பவருக்கு. திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு நீங்கள் சேர முடியாது. இலங்கையில் வதிபவர் வெளிநாட்டில் முதலிடுவதற்கு 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வரம்பும் வழியும் வகுத்திருக்கிறது. வங்கி அட்டையைக் கொண்டு இணைய நாணய வியாபாரத் தளங்களுக்குப் பணம் கட்டக்கூடாது என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. 'என் பேரில போட்டுத் தாறன்' என்று மச்சான் சொன்னால், சட்டப்படி அது மச்சானின் பணம். வரியும் அவருடையது, வழக்கு வந்தால் வழக்கும் அவருடையது.

சிறு தொகையில் ஒத்திகை

இதுவரை எல்லாம் சரி என்றால், 5,000 ரூபாய் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து முழுவதையும் எடுங்கள். கோரிக்கை கொடுத்த நாளையும் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரிலிருந்து வந்தது என்றும் பாருங்கள். ஆவணத்தில் சொன்ன நாளுக்குள் வந்ததா? இடையில் ஏதாவது பிடித்தார்களா? யாராவது அழைத்து 'எடுக்காதீங்கோ' என்று மன்றாடினார்களா?

ஆனால் இந்த ஒத்திகை சேவையின் தரத்தைத்தான் காட்டும், நேர்மையைக் காட்டாது. மோசடித் திட்டங்கள் தொடக்கத்தில் சிறு தொகையைச் சுணங்காமல் திருப்பிக் கொடுக்கும். அதை நம்பித்தான் பெருந்தொகை உள்ளே வருகிறது. ஆகவே கணக்குப் பெயரும் அனுமதியும் பார்க்காமல் ஒத்திகையை மட்டும் நம்பாதீர்கள்.

செயலி உங்கள் தொலைபேசியில் எதையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கிறது என்றும் கவனியுங்கள். அடையாள அட்டைப் படம், முகப் படம் கேட்பது இயல்பு. தொடர்பு இலக்கங்கள் முழுவதையும் கேட்டால் ஆள் பிடிக்கத்தான்.

முறைப்பாடு இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். யூனிட் ட்ரஸ்ட் பற்றியது என்றால் அடுத்து பிணையங்கள் ஆணைக்குழு. வங்கி, நிதிக் கம்பனி பற்றியது என்றால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புத் திணைக்களம். 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பிரமிட் திட்டம் என்று சந்தேகம் வந்தால் மத்திய வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள், உங்கள் பணம் போகாவிட்டாலும்.

கடைசியாக, பலர் கேட்காமல் விடுவது: கணக்கு உரிமையாளர் இறந்தால் பணம் எப்படிக் குடும்பத்துக்கு வரும்? வங்கிப் புத்தகம் அலுமாரியில் இருந்தால் மனைவி கண்டெடுப்பார். செயலியில் உள்ள பணம் பூட்டிய தொலைபேசிக்குள் இருக்கிறது. கடலுக்குப் போகிறவரின் தொலைபேசி அவரோடே போகிறது. கூட்டுக் கணக்காகத் திறக்க முடியுமா, பின்னுரித்தாளியை நியமிக்க இடமுண்டா, இறப்புச் சான்றிதழோடு வேறு என்ன பத்திரங்கள் கேட்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் நிறுவனத்தின் பெயர், நிதியத்தின் பெயர், கணக்கு இலக்கம், பொறுப்பாளர் வங்கி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வங்கிப் புத்தகத்துக்குள் வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். உரிமை கோர அது தேவையில்லை.